42 ஸ்லைடுகளில் இல்லாத கேள்வி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் உள்ள ஒரு தோட்டத்து வீட்டில் வளர்ந்தவள் நான். நாங்கள் இருப்பது கேரளம் என்றாலும் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்ததும் தமிழ்வழியில்தான், எஸ்.எஸ்.எல்.சி. தேர்வையும் தமிழிலேயே எழுதினேன். பிறகு எல்லை தாண்டிக் கோயம்புத்தூரில் இளநிலையும் முதுநிலையும் முடித்துவிட்டு, மறுபடி எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து, கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். ஆய்வு செய்வதற்கு என்னென்ன கற்க வேண்டும் என்று சேரும்போதே எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது. செய்ததை நான்கு பேர் முன்னால் நின்று சொல்வதும் தனியாகக் கற்க வேண்டிய ஒன்று என்பது மட்டும் முதல் ஆண்டு முடியும்வரை எனக்குத் தெரியவில்லை.

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முனைவர் பட்ட ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தோன்றித் தன் பணியின் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். எங்கள் லேபில் இதற்குச் சுருக்கமாகக் ‘கமிட்டி’ என்று பெயர். ‘அடுத்த வாரம் எனக்குக் கமிட்டி’ என்று ஒருவர் சொன்னால் அந்த வாரம் அவரிடம் வேறு எதையும் யாரும் கேட்கமாட்டார்கள். இது தவிர லேபுக்குள் நடக்கும் வாராந்திர உரைகள், மாநாட்டில் பதினைந்து இருபது நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டிய உரை, சுவரொட்டி முன் நின்று வருவோர் போவோருக்கு விளக்குவது, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் நடத்தும் கருத்தரங்கு, கடைசியாக வைவா என்று ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு மாணவர் பல முறை எழுந்து நின்று பேச வேண்டியிருக்கிறது. பிற துறைகளில் ஆய்விதழ்களுக்கு இருக்கும் மதிப்பு கணினி அறிவியலில் பெரும்பாலும் மாநாடுகளுக்கு இருப்பதால், எங்களுக்குக் கட்டுரையை எழுதுவதோடு வேலை முடிவதில்லை. அதைப் போய்ச் சொல்லவும் வேண்டும்.

என் முதல் கமிட்டிக்கு முப்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் 42 ஸ்லைடுகள் தயாரித்திருந்தேன். என் பொருள் ‘ஆன்லைன் அல்காரிதம்’ எனப்படுவது. பெயரைக் கேட்டதும் பலரும் இணையத்தோடு தொடர்புடையது என்று நினைப்பார்கள். உண்மையில் அதன் பொருள், வருங்காலத்தில் என்ன வரும் என்று தெரியாமல், வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வப்போது முடிவெடுக்கும் செய்முறை என்பதே. நான் 1966இல் பெலேடி என்னும் கணினி ஆய்வாளர் சொன்னதிலிருந்து தொடங்கினேன்: கணினியின் நினைவகத்தில் இடம் நிரம்பிவிட்டால், இனி எது மிகப் பிந்தித் தேவைப்படுமோ அதை வெளியேற்றுவதே உத்தமம், ஆனால் அதற்கு வருங்காலம் தெரிந்திருக்க வேண்டும். அங்கிருந்து 1985இல் ஸ்லீட்டரும் டார்ஜனும் எழுதிய கட்டுரைக்குப் போனேன். வருங்காலம் தெரிந்தவன் செய்யும் செலவோடு தெரியாதவன் செய்யும் செலவை ஒப்பிட்டு, எத்தனை மடங்குக்கு மேல் போகாது என்று அளக்கும் முறையை நிலைநிறுத்திய கட்டுரை அது. பிறகு வரையறைகள், பிறகு பழைய முடிவுகளின் அட்டவணை, பிறகு 2018க்குப் பின் வந்த புதிய கட்டுரைகள். என் சொந்த வேலை 35ஆம் ஸ்லைடில் தொடங்கியது. அப்போது நேரம் முடிய நான்கு நிமிடம் இருந்தது.

வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்கள் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்? ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்” என்றார். நான் பொத்தானை அழுத்தி ஏழாவது ஸ்லைடுக்குத் திரும்பப் போனேன். “ஸ்லைடு வேண்டாம், நீங்களே சொல்லுங்கள்” என்றார். நான் சொன்னது ஒரு வாக்கியமாக இருக்கவில்லை. எங்கே தொடங்கினேனோ அங்கேயே திரும்பி வந்து நின்றேன். கூட்டம் முடியும்போது இன்னொரு உறுப்பினர், ஆங்கிலப் பேச்சில் நான் இன்னும் தேற வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

அந்த இரண்டாவது சொல்தான் என்னைத் தவறான திசையில் அனுப்பியது. தமிழ்வழியிலோ மலையாளவழியிலோ படித்து வந்தவர்களிடம், மேடையில் எது தவறினாலும் அது ஆங்கிலத்தால்தான் தவறியது என்ற எண்ணம் முன்பே விதைக்கப்பட்டிருக்கிறது. நானும் அப்படியே நம்பி, விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, உச்சரிப்பைத் திருத்துவதிலும் வாக்கியங்களை மனப்பாடம் செய்வதிலும் மூன்று வாரம் செலவழித்தேன். முதல் உறுப்பினரின் கேள்வி அந்த மூன்று வாரமும் விடை சொல்ல ஆளின்றிக் கிடந்தது. அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டிருந்தாலும் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். அந்த ஆண்டு கிணற்றில் தண்ணீர் அடியோடு இறங்கியிருந்தது. எங்கள் ஊர் இருக்கும் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மலையின் மழைமறைவில் கிடப்பது; 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் கிடைக்க வேண்டிய 7.25 டிஎம்சி தண்ணீர், சித்தூர்ப்புழை வழியாக வந்து மூலத்தராவிலிருந்து கால்வாய்களில் பிரிகிறது. அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் என்றைக்கு வரும் என்பதுதான் ஒவ்வொரு கோடையிலும் வீட்டில் நடக்கும் பேச்சு. அதுவரை தென்னையைக் காப்பாற்ற, பக்கத்துக் குளத்தில் மிச்சமிருக்கும் தண்ணீரை ஆயில் இன்ஜின் வைத்து இறைக்க வேண்டும். இன்ஜினை நாள் வாடகைக்கு எடுப்பதா, பழைய இன்ஜின் ஒன்றை விலைக்கு வாங்கிவிடுவதா என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“கேனால்ல தண்ணி என்னைக்கு வருமுன்னு ஆரு கண்டா அம்மிணி? வாங்குன மக்காநாளே தண்ணி வந்துட்டா இன்ஜின் மூலையில கெடக்கும். வராமயே போச்சுன்னா, குடுத்த வாடகைக்கு ரெண்டு இன்ஜின் வாங்கியிருக்கலாம்” என்றார்.

என் பதினோராம் ஸ்லைடில் இருந்தது இதே கணக்குதான். அங்கே அதன் பெயர் பனிச்சறுக்குக் கட்டை வாடகை. பனிமலைக்குப் போனவன், எத்தனை நாள் சறுக்கப் போகிறோம் என்று தெரியாமல், கட்டையை வாடகைக்கு எடுப்பதா வாங்குவதா என்று யோசிக்கிறான்; உலகம் முழுவதும் இந்தக் கணக்கை இந்தப் பெயரில்தான் கற்பிக்கிறார்கள். நான் பனியைப் பார்த்ததில்லை. என் கமிட்டியில் இருந்தவர்களில் எத்தனை பேர் சறுக்கியிருப்பார்கள் என்றும் தெரியாது. எல்லோரும் தலையசைத்தார்கள், நானும் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன். அப்பா சொன்னபோதுதான், நாளை வந்துவிட்டால் என்ன, வராமலே போனால் என்ன என்ற இரண்டு பயங்களுக்கு நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கணக்கை நான் முதன்முறையாக உணர்ந்தேன்.

நான் ஒரு தாளை எடுத்து அவருக்கு விளக்கினேன். கணக்குக்காக நாள் வாடகை 500 ரூபாய், இன்ஜின் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். முதல் நாளே வாங்கிவிட்டு மறுநாள் தண்ணீர் வந்துவிட்டால், 500 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியதற்கு 10,000 ரூபாய்; இருபது மடங்கு. வாங்கவே வாங்காமல் நூறு நாள் போனால் 50,000 ரூபாய்; ஐந்து மடங்கு, அது மேலும் மேலும் ஏறும். பத்தொன்பது நாள் வாடகை கொடுத்துவிட்டு இருபதாம் நாள் வாங்கினால்? அதற்கு முன் தண்ணீர் வந்துவிட்டால் நட்டமே இல்லை. வராவிட்டால் மொத்தச் செலவு 9,500 கூட்டல் 10,000, அதாவது 19,500 ரூபாய். எல்லாம் முன்கூட்டித் தெரிந்தவனுக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு 10,000. எப்படிப் பார்த்தாலும் 1.95 மடங்குக்கு மேல் போகாது. பத்தாம் நாளே வாங்கினால், அன்றோடு தேவை முடிந்துவிடும் நிலையில், 5,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது 14,500 ஆகும், அது 2.9 மடங்கு. நாற்பதாம் நாள்வரை தள்ளிப்போட்டால் 29,500, அது 2.95 மடங்கு. எந்த நாளை முன்கூட்டியே தீர்மானித்து வைத்தாலும் இருபதாம் நாளைவிட நல்ல நாள் கிடையாது.

அப்பா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்ப, தண்ணி எப்ப வந்தாலும் செரி, ரெட்டிப்புக்கு மேல நமக்கு நட்டம் வராது. அதானே நீ சொல்ற?” என்றார். அதுதான் நான் சொல்ல வந்தது. 42 ஸ்லைடுகளில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை.

அவர் அதோடு விடவில்லை. “பக்கத்துத் தோட்டத்துக்காரரு வாங்கிட்டா நான் எரவல் வாங்கிக்குவேன். அவரும் நம்மளப் பத்தி அப்படித்தான நெனைப்பாரு? அதுக்கு என்ன கணக்கு?” என்று கேட்டார். “அது இந்தக் கணக்குல வராதுங்கப்பா” என்று சொல்லிவிட்டு நான் எழுந்துபோனேன்.

அன்று இரவே உரையை முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். முதல் இரண்டு நிமிடம் ஸ்லைடே இல்லை. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஒருவர், வாடகை இன்ஜின், அந்த இரண்டு பயங்கள், அவ்வளவுதான். மூன்றாவது நிமிடத்தில் என் கேள்வி: தண்ணீர் வரும் நாளை யாரோ ஒருவர் முன்கூட்டிச் சொன்னால், அவர் சொன்னது சரியானால் செலவு குறைய வேண்டும், பொய்த்தாலும் எல்லை மீறக்கூடாது, இரண்டையும் ஒருசேர எவ்வளவு தூரம் பெற முடியும்? இயந்திரக் கற்றல் தரும் முன்கணிப்புகளை எந்த அளவு நம்பலாம் என்பதைப் பற்றிய என் ஆய்வு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது. 2018இல் புரோஹித், ஸ்வித்கினா, குமார் மூவரும் இந்த வாடகைக் கணக்குக்கே ஒரு விடை கொடுத்திருக்கிறார்கள். கணிப்பை எவ்வளவு நம்புவது என்ற அளவைப் பாதியாக வைத்துக்கொண்டால், இருபது நாளுக்கு மேலாகும் என்று கணிப்புச் சொல்லும்போது பத்தாம் நாளே வாங்க வேண்டும். அதற்குள் வந்துவிடும் என்று சொன்னால் நாற்பதாம் நாள்வரை பொறுக்க வேண்டும். கணிப்புப் பலித்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாது. பொய்த்தால் மூன்று மடங்குவரை போகும். அப்பாவுக்குக் காட்டிய அதே 2.9, 2.95 எண்களே இங்கே மறுபடி வருவதால், கேட்பவர் புதிதாக எதையும் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் படித்த நாளிலிருந்து நான் கேட்ட உரைகளை நினைத்துப் பார்த்தால், என் நினைவில் நின்றவை எல்லாம் ஒரே எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை கையில் பிடித்துக்கொண்டு நடந்தவைதாம்.

பழைய வரலாற்றுக்கு ஒரு நிமிடம் மட்டும் கொடுத்தேன். இதைச் செய்வது கடினமாக இருந்தது. படித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வாரம் உழைத்திருக்கிறோம், அந்த உழைப்பு குழுவுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை எல்லா மாணவருக்கும் உண்டு. நெறியாளர் நான் நீக்கிய ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு, “இவற்றை உரையின் முடிவுக்குப் பின்னால் வைத்துக்கொள், யாராவது கேட்டால் எடு” என்றார். நாங்கள் அவரை டீச்சர் என்றுதான் அழைப்போம். அவர் சொன்னபடி பதினான்கு ஸ்லைடுகள் முன்னால், இருபது ஸ்லைடுகள் பின்னால். பின்னால் இருந்தவற்றில் மூன்று மட்டுமே அன்று தேவைப்பட்டன.

ஸ்லைடின் அழகைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஸ்லைடு தயாரிக்க எங்கள் துறையில் பலர் பயன்படுத்தும் பீமர் என்னும் லேடெக் தொகுப்பை உருவாக்கிய டில் டான்டாவ், 2003இல் தன் முனைவர் பட்ட உரைக்காகவே அதைச் செய்யத் தொடங்கினார். ஒரு மாணவரின் தேவையிலிருந்து பிறந்த கருவி அது. எந்தக் கருவியானாலும், ப்ராஜெக்டர் மங்கலாக இருக்கும் அறையில் கடைசி வரிசைக்கு எழுத்து தெரிகிறதா என்று முதல் நாளே போய் நின்று பார்ப்பது போதும்.

ஆனால் வரைபடத்தையும் எண்களையும் காட்டும் இடத்தில் நிற்காமல் போகக்கூடாது. லேபில் என்னோடு படிக்கும் திருப்பதிப் பக்கத்துத் தோழி இயந்திரக் கற்றலில் ஆய்வு செய்கிறாள். ஒத்திகையில் அவள் ஓர் அட்டவணையைக் காட்டி, தன் முறை 91 விழுக்காடு சரியாகக் கண்டுபிடிக்கிறது என்றாள். தரவில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒரே வகையைச் சேர்ந்தது என்பது யாரோ கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. எதையும் ஆராயாமல், எல்லாவற்றையும் அந்த ஒரே வகை என்று சொல்லிவிடும் நிரலுக்கும் 90 விழுக்காடு கிடைத்துவிடும். அவள் எதையும் மறைக்கவில்லை; அவளுடைய முறை அரிதான வகையை நன்றாகவே பிடித்தது, ஆனால் அதைக் காட்டும் எண் ஸ்லைடில் இல்லை. வரைபடத்திலும் அப்படித்தான்: கிடை அச்சு எதைக் குறிக்கிறது, நிலை அச்சு பூச்சியத்திலிருந்து தொடங்குகிறதா, ஒவ்வொரு புள்ளியும் எத்தனை ஓட்டங்களின் சராசரி, ஓட்டத்துக்கு ஓட்டம் எவ்வளவு மாறியது என்பதை வாயால் சொன்ன பிறகே முடிவைச் சொல்ல வேண்டும். பேசுபவர் அந்த வரைபடத்தை ஆறு மாதமாகப் பார்த்திருக்கிறார். கேட்பவர் அப்போதுதான் பார்க்கிறார். அவர் அச்சுகளைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிட்டால், அவர் நம்மை மறுக்கவும் முடியாது, நம்பவும் முடியாது.

ஒத்திகையை நாங்கள் மூன்று மொழிகளில் செய்தோம். முதலில் அவரவர் தாய்மொழியில், பிறகு லேபில் எல்லோருக்கும் புரியும் மலையாளத்தில், கடைசியில் ஆங்கிலத்தில். தமிழில் சொல்லும்போது ‘ராபஸ்ட்’, ‘கன்சிஸ்டன்ட்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. ‘கணிப்புப் பொய்த்தாலும் தாங்கும்’, ‘பலித்தால் பலன் தரும்’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அப்படிப் பிரித்த பிறகு ஆங்கிலத்துக்குப் போனபோது என் வாக்கியங்கள் தாமாகவே சிறுத்துவிட்டன, மனப்பாடம் தேவைப்படவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியின் விதியையும் எடுத்துக்கொண்டோம்: ஒரே ஸ்லைடு, அதில் அசைவு கிடையாது, மூன்று நிமிடத்தில் மணி அடித்துவிடும். முப்பது நிமிட உரையைத் தயாரிக்கும் முன் மூன்று நிமிட உரையைத் தயாரிப்பது இப்போது எங்கள் லேபில் வழக்கமாகிவிட்டது.

கேள்வி நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பெரியவர்கள் கேட்டால் ஏதாவது பதில் சொல்லியே ஆக வேண்டும், சும்மா நிற்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்படுகிறோம். அதனால் தெரியாததற்கும் எதையாவது சொல்லத் தொடங்கி, சொன்னதைக் காப்பாற்ற இன்னொன்றைச் சொல்லி, நன்றாகப் போன உரையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கேள்வியை முழுவதும் கேட்டு, நம் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, இதைத்தானே கேட்கிறீர்கள் என்று உறுதி செய்துகொண்டு, தெரிந்ததைச் சொல்லி, தெரியாத எல்லையில் நிறுத்திக்கொள்வதை நான் டீச்சரிடம்தான் கற்றேன். அவர் மற்றவர்களின் உரைகளில் அப்படித்தான் கேட்பார், அப்படித்தான் பதிலும் சொல்வார்.

அடுத்த பருவத்தின் கமிட்டியில் இருபத்தாறு நிமிடத்தில் முடித்தேன். என் ஆங்கிலம் முன்பு இருந்ததைவிட அதிகம் மாறிவிடவில்லை; அதைப் பற்றி அன்று யாரும் பேசவும் இல்லை. பேசியதெல்லாம் இன்ஜினைப் பற்றித்தான். குழுவின் தலைவர் பலகையருகே எழுந்துபோய், நம்பிக்கையின் அளவைக் கால் பங்காக வைத்தால் எத்தனையாம் நாள் வாங்க வேண்டும் என்று தானே போட்டுப் பார்த்தார். முதல் கூட்டத்தில் என்னை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்ன உறுப்பினர் கடைசியாகக் கேட்டார்: “ஒரே ஊரில் இரண்டு பேர் இருந்து, ஒருவர் வாங்கினால் மற்றவரும் பயன்படுத்தலாம் என்றால், இருவருமே மற்றவர் வாங்கட்டும் என்று காத்திருப்பார்களே. உங்கள் எல்லை அப்போதும் நிற்குமா?”

தெரியவில்லை என்று சொன்னேன். என் அப்பாவும் இதையே கேட்டார் என்றும் சொன்னேன். அவர், “அவரிடம் என்ன பதில் சொன்னீர்கள்?” என்று கேட்டார்.

அன்று மாலை கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் உட்கார்ந்து குறிப்பேட்டின் புதிய பக்கத்தில் இரண்டு தோட்டங்களை வரைந்தேன், நடுவில் ஒரு குளம். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம், பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன கோடையில் எத்தனை நாள் காத்திருந்தார் என்று கேட்டேன்.